பதினேழு உறைகள்

"எல்லாத்தையுமா கொட்டினீங்க?"

"ஒரு கவரு விடல பாப்பா. நீதானே சொன்னே, மேசையில ஒரு பிடி நெல்லு தங்கக் கூடாதுன்னு."

செம்மொழி பக்கத்தில் கிடந்த சாக்குக் கட்டின்மேல் உட்கார்ந்துவிட்டாள். விளக்குமாறும் கையுமாக நின்ற, நிலையத்தைக் கூட்டிப் பெருக்கும் அமிர்தத்துக்கு என்ன தப்பு நடந்தது என்று இன்னும் விளங்கவில்லை. சொன்ன வேலையைச் சொன்னபடி முடித்தவளின் முகம் அது. கொஞ்சம் பாராட்டைக்கூட அது எதிர்பார்த்தது.

சொன்னது உண்மைதான். குத்தாலத்துக்குக் கிழக்கே இருக்கும் அந்த நெல் கொள்முதல் நிலையத்தில் செம்மொழி பட்டியல் எழுத்தர். ஒவ்வொரு விவசாயியின் குவியலிலிருந்தும் ஓர் உறையில் நெல் எடுத்து, ஈரப்பதக் கருவியில் வைத்துப் பார்ப்பாள். பதினேழு சதவீதத்துக்குள் இருந்தால்தான் எடை. பார்த்து முடித்த நெல்லை அந்தக் குவியலிலேயே திரும்பக் கொட்டிவிட வேண்டும். போன பருவத்தில் மேசையடியில் சிந்திக் கிடந்த நெல்லைக் காட்டி ஒருவர் ஊரைக் கூட்டிவிட்டார். அன்றிலிருந்து இந்த விதியைக் கறாராக்கியவள் அவளேதான். அமிர்தம் ஒரு நாளும் தவறியதில்லை.

இன்று செம்மொழி சாப்பிடப் போயிருந்த அரைமணி நேரத்தில் மேசைமேல் பதினேழு உறைகள் இருந்தன. நிலையத்தின் அதே பழுப்பு உறைகள், மேலே பேனாவில் எழுதிய எண்கள். எதிரே, எடைக்கு நின்ற விவசாயி செந்தில்குமாரின் குவியல். அமிர்தம் வேறென்ன நினைப்பாள்?

ஆனால் அது செந்தில்குமாரின் நெல் இல்லை. அது செம்மொழியின் எம்.எஸ்சி.

வேலை பார்த்துக்கொண்டே பகுதிநேரமாகத் தாவரவியல் படித்துக்கொண்டிருந்தாள். சனி, ஞாயிறு தஞ்சாவூரில் வகுப்பு. பஸ்ஸில் நின்றபடியே படித்த பாடங்களுக்குக் கணக்கில்லை. இரண்டு வருடப் படிப்பை எப்படி இழுத்தாலும் ஐந்து வருடத்துக்குள் முடித்தாக வேண்டும். ஒவ்வொரு தேர்வும் அறுவடை நேரத்தில் வந்து நின்றது. விடுப்பு கேட்டால், நெல்லு ரோட்டுல கிடக்குது, உனக்குப் பரிட்சையா என்றார்கள். அப்படியே நான்கு வருடம் போயிற்று. இது ஐந்தாவது. எல்லாத் தாள்களும் தேறிவிட்டன. ஆய்வேடு மட்டும் பாக்கி. திங்கட்கிழமை அதற்குக் கடைசி நாள். இன்று வெள்ளி.

கடலுப்பு ஏறிய நிலத்தில் விளையும் நெல்மணியில் எவ்வளவு உப்பு தங்குகிறது என்பதுதான் அவள் ஆய்வு. குத்தாலத்தில் தொடங்கித் தரங்கம்பாடிவரை நாற்பத்தெட்டு வயல்கள். அறுவடை எந்திரம் இறங்குவதற்கு முன்னால் ஸ்கூட்டியில் போய் வயலுக்கு ஓர் உறை எடுத்து வந்தாள். முப்பத்தொன்றை ஆய்வகத்தில் அளந்தாகிவிட்டது. மீதிப் பதினேழும் ஒரே ஈரப்பதத்துக்குக் காய்ந்துவிட்டனவா என்று நிலையத்துக் கருவியில் பார்த்துவிட்டு, நாளை காலை தஞ்சாவூருக்குக் கொண்டுபோக வேண்டும். பதினேழும் கடைமடை வயல்கள், கடலை ஒட்டியவை. ஆய்வின் உயிரே அவைதான். அந்த வயல்களில் இப்போது வைக்கோல்கூட இல்லை.

எழுந்து குவியலுக்கு ஓடினாள். பாதிக்குமேல் மூட்டையாகித் தைத்தாகிவிட்டது. மீதியைச் சுமைதூக்குபவர்கள் தட்டுக்கூடையால் அள்ளிக்கொண்டிருந்தார்கள். மண்டியிட்டு இரண்டு கையாலும் நெல்லை விலக்கிப் பார்த்தாள். வித்தியாசம் தெரிய வழியே இல்லை. ரகம் மாறினால் கணக்கு குழம்பும் என்று, பார்த்துப் பார்த்து ஒரே ரகம் விதைத்த வயல்களாகத் தேர்ந்தெடுத்திருந்தாள். செந்தில்குமாருடையதும் அதே ரகம்தான். அவளுடைய கவனமே அவளைக் கவிழ்த்துவிட்டது.

"என்ன மேடம், என் நெல்லுல மூக்குத்தியத் தொலைச்சிட்டீங்களா?" என்றார் செந்தில்குமார். செம்மொழி விஷயத்தைச் சொன்னதும், சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அப்ப நாலு கிலோ எனக்கு லாபம். கழிச்சிடாதீங்க" என்றார். சுமைக்காரர்கள் சிரித்தார்கள். செம்மொழியின் முகத்தைப் பார்த்ததும் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள்.

அமிர்தம் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, தானும் நெல்லை விலக்கத் தொடங்கினாள். எப்படி அடையாளம் காண்பது என்று தெரியாமலே தேடினாள். அதைப் பார்க்க முடியாமல் செம்மொழி எழுந்து வெளியே வந்தாள்.

வழிகாட்டிப் பேராசிரியை ஆனந்தவல்லிக்குப் போன் செய்தாள். அவர் கடைசிவரை பொறுமையாகக் கேட்டார். பிறகு, குழந்தையைத் தேற்றுவது போலச் சொன்னார்.

"இதுக்கா அழற? முப்பத்தோரு ரீடிங் இருக்கு. கடல்கிட்டப் போகப் போக கிராஃபுல கோடு எப்படி ஏறும்னு உனக்கே தெரியும். மிச்சத்தையும் அந்தக் கோட்டுமேலயே வச்சு எழுதிடும்மா. யாரு வந்து வயல்ல பாக்கப் போறா? நாளைக்கு எடுத்துட்டு வா, கையெழுத்துப் போட்டுத் தரேன்."

அவ்வளவு லேசாக இருந்தது அது. உள்ளே வந்து நோட்டைத் திறந்தாள். முப்பத்திரண்டாம் எண்ணுக்கு நேரே ஓர் அளவை எழுதினாள். பேனா தயங்கவில்லை, அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. இதே மேசைக்கு முன்னால் எத்தனை பேர் நின்றிருக்கிறார்கள். கருவி பத்தொன்பது காட்டும்போது, பதினேழுன்னு ஒண்ணு எழுதிக்கங்கம்மா, மழை வருது என்று கெஞ்சியிருக்கிறார்கள். ஒருவருக்கும் எழுதியதில்லை. வானம் கறுத்திருந்த நாளில்கூடத் திரும்பக் காயவைக்கச் சொல்லி அனுப்பியிருக்கிறாள்.

முப்பத்து மூன்று. முப்பத்து நான்கு. நாற்பத்தொன்றில் பேனா நின்றது.

அது கமருன்னிஸாவின் வயல். தரங்கம்பாடிக்கு இந்தப் பக்கம், இரண்டு இறால் குட்டைகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டிருக்கும் முக்கால் ஏக்கர். செம்மொழி உறையில் நெல் எடுத்தபோது அந்த அம்மாள் வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். குட்டைக்காரன் இந்த நிலத்தையும் குத்தகைக்குக் கேட்கிறான், உப்பு ஏறிப்போச்சு, இனி விளையாது என்கிறான் என்று சொன்னார். "எங்க நெல்லு சொல்றதை எனக்கு வந்து சொல்லிடும்மா. அதுவரைக்கும் அவனுக்கு நான் பதில் சொல்ல மாட்டேன்" என்றார்.

கோடு என்ன சொல்லும் என்பது செம்மொழிக்குத் தெரியும். கோட்டின்படி அந்த வயல் செத்துவிட்டது. ஆனால் அவள் கையில் எடுத்த கதிர் கனமாக இருந்தது.

எழுதிய ஒன்பது அளவுகளையும் அடித்தாள். தாள் கிழிகிற அளவுக்கு அடித்தாள். ஐந்து வருடம் கண்முன்னே சாக்குக்குள் போய்க்கொண்டிருந்தது. தையல் எந்திரம் ஓயாமல் ஓடியது. குறையோடு கொடுக்கும் ஆய்வேட்டைப் பல்கலைக்கழகம் ஏற்காவிட்டால் முதலிலிருந்து சேர வேண்டும். சேர மாட்டாள் என்பதும் அவளுக்குத் தெரியும். இன்னொரு ஐந்து வருடம் அவளிடம் இல்லை.

மறுபடி அழைத்தாள். இரண்டாவது மணியிலேயே ஆனந்தவல்லி எடுத்தார்.

"எழுதிட்டியா?"

"இல்ல மேடம்." நோட்டை மூடினாள். "முப்பத்தொண்ணோடயே கொடுத்துடறேன். மிச்சப் பதினேழுக்கும் நேரா, சாம்பிள் தொலைஞ்சு போச்சுன்னு எழுதறேன். எப்படித் தொலைஞ்சுதுன்னும் எழுதறேன். அந்தப் பக்கத்துக்குக் கீழ நீங்க கையெழுத்துப் போடுவீங்களா மேடம்?"