கணவன்மார் நாற்காலி

என் சிநேகிதி ஆர்லிஸ் அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்ததைப் பார்த்ததும் நான் பயந்துபோனேன்.

எங்கள் அயோவா மாநிலத்தில், துண்டுத் துணிகளை இணைத்துத் தைக்கும் ஒட்டுப்போர்வைக்குத் துணி விற்கும் கடை எதில் நுழைந்தாலும் வாசலுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி கிடக்கும். பக்கத்தில் டிராக்டர் படம் போட்ட பழைய பத்திரிகைகள். பெண்டாட்டிமார் உள்ளே துணி பார்த்து முடிக்கும் வரை புருஷன்மார் உட்கார்ந்து கொட்டாவி விடுவதற்கான இடம் அது. தைக்கிற பெண் யாரும் அதில் உட்கார மாட்டாள். உட்காரக் கூடாது என்று எவரும் சொல்லவில்லை, உட்காரத் தோன்றாது, அவ்வளவுதான். அதிலும் ஆர்லிஸ்! கடைக்குள் விட்டால் ஒவ்வொரு துணிச் சுருளையும் தொட்டுப் பார்க்காமல் வெளியே வராதவள். பழைய பாங்க் கட்டடத்தில் இருந்த அன்றைக்கு நாங்கள் போன முதல் கடையில், உள்ளே நாலு அடி எடுத்து வைத்தாள், நாற்காலியைப் பார்த்தாள், உட்கார்ந்துவிட்டாள்.

"என்னடி ஆச்சு? மூச்சு வாங்குதா?" என்றேன்.

"ஒண்ணுமில்ல. நீ போய்ப் பாரு."

"அட்டையில முத்திரையாவது வாங்கிக்க. எல்லாக் கடையிலயும் வாங்கினா பரிசுக் கூடை உண்டு."

"எனக்கு எதுக்குடி கூடை?"

அந்தப் பதில்தான் என்னைக் கொன்றது.

அவளுக்கு இதயத்தில் ஒரு வால்வு பழுது. வருகிற வியாழக்கிழமை அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருந்தார்கள். சம்மதமா இல்லையா என்று வெள்ளிக்கிழமை, அதாவது அன்றைக்கு, சாயங்காலத்துக்குள் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் அந்த இடம் வேறு ஒருவருக்குப் போய்விடும். அடுத்த இடம் வரும்வரை அந்த வால்வு தாங்குமா என்று டாக்டருக்கே தெரியவில்லை. இவளோ வாயைத் திறக்கவில்லை. அவள் மகள் கிர்ஸ்டன் எனக்கு போன் பண்ணி அழுதாள். "ஆன்ட்டி, நான் சொன்னா எரிஞ்சு விழறாங்க. நீங்க எங்கயாவது கூட்டிட்டுப் போய் மனசை மாத்துங்க." ஜூன் மாதம், கடை கடையாகப் போய் முத்திரை வாங்கும் திருவிழா நடந்துகொண்டிருந்தது. ஆர்லிஸின் மனதை மாற்ற துணியைவிட நல்ல மருந்து உண்டா என்று நினைத்து வண்டியை எடுத்தேன்.

எனக்கு இன்னொரு வேலையும் இருந்தது. எங்கள் தையல் சங்கத்தில் யாராவது ஆஸ்பத்திரிக்குப் போனால் ஆறுதல் போர்வை ஒன்று செய்து கொடுப்போம். ஆளுக்கு ஒரு சதுரம் தைத்துத் தருவார்கள். அவரவருக்குப் பிடித்த நிறத்தில் தைப்பதால் எல்லாவற்றையும் ஒன்றாக அடுக்கினால் கண்ணைக் குத்தும். சுற்றிலும் சரியான கரைத் துணி ஒன்றைக் கொடுத்தால்தான் அடங்கும். அந்தக் கரையை எப்போதும் தேர்ந்தெடுப்பவள் ஆர்லிஸ். இப்போது போர்வையே அவளுக்கு. போர்வையைப் பெறுகிறவருக்கு முன்கூட்டியே தெரியக்கூடாது என்பது வழக்கம், அதனால் அவளைக் கேட்கவும் முடியாது. அவளைத் தவிர எங்களில் ஒருத்திக்கும் நிறம் பொருத்தத் தெரியாது. அவள் சம்மதிப்பதற்கு முன்பே எல்லாரையும் விரட்டிச் சதுரங்களைத் தைக்க வைத்துவிட்டேன், அவசரக்குடுக்கை நான். அவை வண்டியின் பின்னால் ஒரு பைக்குள் இருந்தன.

பாங்க் கடையில் என் கைக்குக் கிடைத்ததையெல்லாம் வாங்கினேன். எதுவும் கரைக்கு ஆகாது. படபடப்பில் வாங்கினேன். ஆர்லிஸ் பையை எட்டிப் பார்த்து, "நல்லா இருக்கு" என்றாள். நாற்பது வருஷத்தில் நான் எடுத்த துணியை அவள் நல்லா இருக்கு என்று சொன்னதே கிடையாது. 'இதைப் போட்டா மாடு மிரளும்' என்பாள். அப்படித் திட்டினால் தேவலை என்றிருந்தது.

வயலுக்கு மருந்து தெளிக்கும் வண்டி ஒன்று சாலையை அடைத்துக்கொண்டு முன்னால் ஊர்ந்தது. நான் ஸ்டீயரிங்கைத் தட்டினேன், ரேடியோவை மாற்றினேன், ஜன்னலை இறக்கினேன், ஏற்றினேன்.

"ஒரு நிமிஷம் சும்மா இருக்க மாட்டியாடி நீ? கால்ல சக்கரமா கட்டியிருக்கு?"

"நீ ஆஸ்பத்திரிக்கு ஒரு போன் போடு, சும்மா இருக்கேன்."

அவள் இரண்டு பக்கமும் முழங்கால் உயரம் வளர்ந்திருந்த மக்காச்சோளத்தைப் பார்க்க ஆரம்பித்தாள். கிர்ஸ்டன் கூப்பிட்டாள். போன் ஆர்லிஸின் கைப்பைக்குள்ளேயே அடித்து ஓய்ந்தது.

மத்தியானம் ஒரு சாப்பாட்டுக் கடையில் தட்டைவிடப் பெரிய பன்றிக்கறி வறுவலை ரொட்டிக்கு நடுவே வைத்துக் கொடுத்தார்கள். நான் பாதி தின்றேன், அவள் ஓரத்தைக் கொறித்தாள். ருபார்ப் தண்டு வைத்துச் சுட்ட இனிப்பு வேண்டுமா என்று கேட்டதற்கு வேண்டாம் என்றாள். அடுத்த கடை ஒரு பழைய சர்ச்சுக்குள் இருந்தது. கண்ணாடி ஜன்னல் வெளிச்சம் துணிமேல் விழுந்து அழகாக இருந்தது. திரும்பிப் பார்த்தேன், மறுபடியும் நாற்காலியில்தான் இருந்தாள். கையில் டிராக்டர் பத்திரிகை வேறு.

எனக்குப் பொறுக்கவில்லை. வண்டியில் ஏறியதும் கத்தினேன். "நீ என்ன எவளுக்காவது புருஷனா? எதுக்குடி அங்க போய் உக்கார்ற?"

"மெர்ல் எப்படி உக்காந்திருந்தார்னு பாக்கறேன்" என்றாள்.

மெர்ல் அவள் புருஷன். மூன்று வருஷத்துக்கு முன் அதே ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சைக்குப் போனவர், திரும்பி வரவில்லை.

"பாவம்டி அந்த மனுஷன். எத்தனை கடையில உக்கார வெச்சிருப்பேன்! ஒரு நாள் கூட 'போலாமா'ன்னு கேட்டதில்ல. நான் வருவேன்னு தெரியும் அவருக்கு. கடைசில ஆஸ்பத்திரில நான் உக்காந்தேன். நாற்காலி கூட இதே மாதிரிதான். அவர் வரல."

"மெர்ல் வரலேன்னா நீயும் வர மாட்டேன்னு எவன் சொன்னான்?"

"எனக்குக் கத்தி வேண்டாம் ட்வைலா. இருக்கிற வரைக்கும் இருந்துட்டுப் போறேன்."

"அப்புறம் நான்?" என்றேன். அவள் சீட் பெல்ட்டை இழுத்து மாட்டினாள். எனக்கு அவள்மேல் கோபமாக வந்தது. செத்துப்போன மெர்ல் மேலும் கோபமாக வந்தது. வண்டியை வேகமாக விட்டேன்.

கடைசிக் கடைக்குப் போனபோது மணி நாலுக்கு மேல். வாசல் நாற்காலியில் விதைக் கம்பெனித் தொப்பி போட்ட ஒரு பருத்த மனிதர் தூங்கிக்கொண்டிருந்தார். ஆர்லிஸ் அவர் முன்னால் போய் நின்றாள். அவர் ஒரு கண்ணை மட்டும் திறந்தார்.

"என் பொண்டாட்டி உள்ள இருக்கா. அவ வர்ற வரைக்கும் இது என் இடம். உங்களுக்கு உள்ளதானேம்மா வேலை? போங்க."

நான் அதற்குள் பையோடு கடைக்கோடிக்குப் போய்விட்டேன். அன்றைக்கே கரை வாங்காவிட்டால் போர்வை முடியாது. வெட்டும் மேசையில் சதுரங்களைப் பரப்பினேன். ஒரு கடுகு மஞ்சள் துணி கிடைத்தது, நடுவில் பாசிப்பச்சைக் கோடு. மஞ்சள் எதோடும் பொருந்தும் என்பது என் எண்ணம். கடைக்காரம்மா மூன்று கஜம் அளந்து, சக்கரம் வைத்த உருளைக் கத்தியைத் துணிமேல் வைத்தாள்.

"கத்தியைக் கீழ வைங்க!"

ஆர்லிஸ் என் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். உட்கார இடமில்லாமல் சாய்ந்துகொள்ள மேசையைத் தேடி வந்திருக்கிறாள். நான் சதுரங்களைக் கையால் மறைக்கப் பார்த்தேன். அவள் சதுரங்களை ஒவ்வொன்றாகத் தொட்டாள்.

"இது வெர்லா தச்சது. இன்னும் மூலை சேக்கத் தெரியல அவளுக்கு. இது ரெனே. ஏண்டி, ஆறுதல் போர்வையா? யாருக்கு உடம்பு சரியில்ல? எங்கிட்ட ஒருத்தியும் சொல்லலியே!"

நான் அவளையே பார்த்தேன். கடைக்காரம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

ஆர்லிஸுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. வெர்லாவின் கோணல் மூலையைக் கட்டை விரலால் நீவிக்கொண்டே நின்றாள். "எல்லாருக்கும் தெரியுமா?" என்றாள்.

"தெரியும்."

"எல்லாரும் தச்சாங்களா?"

"வெர்லா கட்டு போட்ட கையோட தச்சா."

அவள் மஞ்சள் துணியை இழுத்து மார்பின்மேல் வைத்துப் பார்த்தாள். முகம் சுருங்கியது. "இதையா நான் போத்திட்டுப் படுத்திருக்கணும்? நர்ஸ் பாத்தா மஞ்சக் காமாலைன்னு வேற வார்டுக்குத் தள்ளிட்டுப் போயிடுவா. உனக்குக் கண்ணே கிடையாதாடி?"

நாற்பது வருஷமாக வாங்கிய திட்டுகளில் இதைப்போல இனித்தது ஒன்றுமில்லை. என் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது.

அவள் அலமாரிப் பக்கம் போனாள். ஒன்றைத் தொட்டாள், இன்னொன்றை இழுத்தாள், வெளிச்சத்தில் திருப்பினாள், வைத்தாள். மூச்சு வாங்கியது, நின்றாள், மறுபடி நடந்தாள். கடைசியில் கறுப்புக்குக் கிட்டத்தட்ட வந்துவிட்ட ஒரு நீலத்தைத் தூக்கிக்கொண்டு வந்து சதுரங்களுக்கு அடியில் வைத்தாள். ரெனேயின் ஊதாவும் வெர்லாவின் சிவப்பும் சண்டையை நிறுத்திவிட்டன.

"மூணு கஜம் பத்தாது. நாலா வெட்டுங்க" என்றாள். பிறகு என்னைப் பார்த்தாள். "வியாழக்கிழமைக்குள்ள முடிப்பீங்களா?"

தலையை ஆட்டினேன்.

அவள் கைப்பையிலிருந்து போனை எடுத்து அங்கேயே நின்று ஆஸ்பத்திரிக்குப் பேசினாள். பெயரைச் சொன்னாள், பிறந்த தேதியைச் சொன்னாள், வருகிறேன் என்றாள். கடைக்காரம்மா அதுவரை வெட்டாமல் காத்திருந்தாள்.

துணியை வாங்கிக்கொண்டு வாசலுக்கு வந்தோம். தொப்பிக்காரர் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார். ஆர்லிஸ் அவரையும் நாற்காலியையும் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அன்னிக்கு ஆஸ்பத்திரி நாற்காலியில நீதான் உக்காரணும்" என்றாள். "அந்தண்ட இந்தண்ட நடக்கக் கூடாது. காப்பிக்குப் போறேன், வண்டியைப் பாத்துட்டு வரேன்னு எந்திரிக்கக் கூடாது. நான் வர்ற வரைக்கும் உக்காந்திருப்பியா?"

"உக்காந்திருக்கேன்டி" என்றேன்.