மூன்றாவது கை

இசக்கிதுரை தன் பட்டியலில் என் பெயரையும் எழுதியிருக்கிறான் என்று கேள்விப்பட்டபோது நான் வெண்டைக்காய்க்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தேன். அவன் எனக்கு அண்ணன். ஒன்பது வருஷமாக என்னைக் கண்டால் ரோட்டின் அந்தப் பக்கம் போகிறவன். நானும் ஒன்றும் சளைத்தவள் இல்லை. யார் கேட்டாலும் எனக்கு அண்ணனே கிடையாது என்றுதான் சொல்லிவந்தேன்.

பிழைக்க வந்த மலையாள ஊரான மட்டாஞ்சேரியில் எங்கள் தென்காசிப் பக்கத்து ஆட்களுக்கு ஒரு சங்கம் உண்டு. தலைவரை நாங்கள் நேராகத் தேர்ந்தெடுப்பதில்லை. காய்கறி விற்கிறவர்கள் ஒரு ஆளை, கட்டட வேலைக்காரர்கள் ஒரு ஆளை, ஹோட்டல் ஆட்கள் ஒரு ஆளைப் பொறுக்குவோம். இந்த மூன்று பேரும் கூட்டத்தில் எழுந்து கை தூக்குவார்கள். யாருக்கு அதிகக் கையோ அவர் தலைவர். சண்டை வரக் கூடாது என்று யாரோ செய்துவைத்த ஏற்பாடு. சண்டை வராத வருஷம் எனக்கு நினைவில்லை.

இந்த முறை தலைவர் பதவிக்கு நிற்கும் துரை அதை மாற்றினான். பிரிவு பிரிவாக ஆள் எடுப்பது வேண்டாமாம். எல்லாரும் சேர்ந்து ஒரே ஓட்டு, ஜெயிக்கிற பட்டியலில் உள்ள மூன்று பேரும் உள்ளே.

“அமெரிக்காவுல ஜனாதிபதியவே இப்படி ஆள் வச்சுத்தான் எடுக்காங்க. மொதல்ல சில மாநிலத்துல ஏரியா ஏரியாவாத்தான் ஆள் எடுத்தாங்க. பெறகு மாநிலம் முழுக்க ஒரே பட்டியல்னு ஆக்கிட்டாங்க” என்று போனில் பார்த்ததைக் கூட்டத்தில் ஒப்பித்தான்.

எதற்கு ஆக்கினார்கள் என்று அவன் சொல்லவில்லை. சொல்லவும் வேண்டாம். சங்கத்தில் பாதிக்கு மேல் கட்டட வேலைக்காரர்கள், மேஸ்திரியான அவன் கூட்டிவந்தவர்கள். ஒரே ஓட்டு என்றால் எங்கள் ஆளையும் அவனே பொறுக்குவான்.

பஜார் ரோட்டு ஓரத்தில் யார் எங்கே கடை விரிப்பது என்று எழுதிக் கொடுப்பவர் சங்கத் தலைவர்தான். எங்கள் முன்வரிசையைக் காலி செய்து, டைல்ஸ் கடை போடும் தன் கூட்டாளிக்கு லாரி நிறுத்த இடம் கொடுக்கப்போவதாகத் துரை வாக்குக் கொடுத்திருந்தான். எங்களுக்குப் பழைய மிளகுக் கிடங்கின் பின்னால், சாக்கடை ஓரம். அங்கே என் தக்காளியை ஈதான் வாங்கும்.

பட்டியலில் என்னைச் சேர்த்தது பாசத்தால் அல்ல. என் பெயர் இருந்தால் காய்கறிப் பெண்கள் எதிர்ப்பட்டியல் போட மாட்டார்கள். மற்ற இருவரும் அவன் சட்டைப்பையில் இருந்தார்கள்: மனைவியின் தம்பி விக்கி, அவன் வேலை வாங்கிக் கொடுத்த ஹோட்டல்காரர் ராமர். இரண்டு கை போதும். மூன்றாவது கை சும்மா அலங்காரத்துக்கு.

அவன் மனைவி இசக்கிசெல்வி கடைக்கு வந்தாள்.

“ஒங்க அண்ணன் ஒன் பேரப் போட்டிருக்காவ. பழசெல்லாம் விட்ரு வசந்தி.”

“எனக்கேது அண்ணன், மதினி?”

“அண்ணன் இல்லன்னா நான் எப்படிட்டீ ஒனக்கு மதினி?”

பெயரை எடு என்று நான் சொல்லவில்லை. உள்ளே போனால் ஒரு கையாவது அவனுக்கு எதிராக இருக்கும் என்று வஞ்சம் வைத்திருந்தேன். பட்டியல் ஜெயித்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கிடங்கு மாடியில் கூட்டம். செயலாளர் சேவியர் இங்கேயே பிறந்து வளர்ந்தவர். மலையாளம் கலந்து தமிழ் பேசுவார், எழுத வராது. அதனால் எங்கள் சங்கத்து மினிட்ஸ் புத்தகம் முழுக்க மலையாளம். துரையை எதிர்த்து நின்றவள் சந்தனமாரி அக்கா, என் பக்கத்துக் கடை. கை தூக்கச் சொல்வதற்கு முன்பே அவள் எழுந்தாள்.

“போன தடவ என் மருமகன் கை செல்லாதுன்னு ஒரு சட்டம் கொண்டுவந்தாரே துரை, இப்ப மறந்துட்டாரு போல. அத வாசிங்க சேவியரே.”

சேவியர் வாசித்தார். தலைவர் பதவிக்கு நிற்பவரின் சொந்தக்காரர் கை தூக்கக் கூடாது. சந்தேகம் வந்தால், சொந்தம் இல்லை என்று சம்பந்தப்பட்டவர் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். மிஞ்சிய கைகளில் எது அதிகமோ அது. சமமானால் பழையபடி பிரிவு பிரிவாக ஆள் எடுக்க வேண்டும்.

“விக்கி யாரு?” என்றாள் சந்தனமாரி.

துரை வாயைத் திறந்தான். அதற்குள் இசக்கிசெல்வி அவனைப் பார்த்து, “என் கூடப்பொறந்தவன இல்லன்னு சொல்லிருவீகளோ?” என்றாள். விக்கி தானாகவே போய்ப் பின்னால் உட்கார்ந்துகொண்டான்.

மிஞ்சியது ராமரும் நானும். என் முகத்தைப் பார்த்தே துரை கணக்குப் போட்டுவிட்டான். ஆளுக்கு ஒரு கை என்றால் சமம், பழைய முறை. பழைய முறை என்றால் ஹோட்டல் ஆட்கள் ராமரைப் பொறுக்க மாட்டார்கள்; காய்கறியும் ஹோட்டலும் சேர்ந்து அவனைத் தோற்கடிக்கும். ராமர் கை மட்டும் என்றால் அவன் தலைவர்.

எழுந்து நின்று என்னை நேராகப் பார்த்தான்.

“அப்படின்னா வசந்தி கையும் செல்லாது. அவ என் கூடப்பொறந்த தங்கச்சி.”

அந்த ஒரு வார்த்தைக்காக நான் எவ்வளவு அழுதிருக்கிறேன். மூட்டை தூக்கும் சுமட்டுக்காரரான நாணுவை, ஒரு மலையாளியை, கட்டிக்கொண்டேன் என்று என்னைத் தலைமுழுகினான். ஊரில் அப்பா செத்ததற்குக்கூடத் தாக்கல் சொல்லவில்லை. பதினாறாம் நாள் யாரோ சொல்லி ஓடினேன். பந்தலில் நூறு பேர் பார்க்க, வாசலை மறித்துக்கொண்டு “நீ யாரு?” என்று கேட்டான். இன்றைக்கு என் கையை வெட்டுவதற்கு நான் தங்கச்சி ஆகிவிட்டேன்.

“சேச்சி பறயணும்” என்றார் சேவியர். “பந்தம் உண்டா, இல்லயா?”

“இவங்க யாருன்னு எனக்குத் தெரியாது.”

“ஏட்டி வசந்தி” என்றான் துரை.

“பேர் சொல்லிக் கூப்பிடாதீங்க.” பிறந்ததிலிருந்து அவனை நான் நீங்க என்று சொன்னதில்லை. “யாருன்னு கேட்டது நீங்கதான. யாருமில்ல. எழுதிக்கிடுங்க சேவியரே.”

“ஒம்பது வருஷமா அவ அண்ணன் இல்லன்னுதான சொல்லுதா” என்று காய்கறிப் பெண்கள் சத்தம் போட்டார்கள். ஊர்க்காரர்கள் சிலருக்கு எல்லாம் தெரியும். அவர்கள் தரையைப் பார்த்தார்கள்.

ராமர் துரைக்குத் தூக்கினார். நான் சந்தனமாரிக்குத் தூக்கினேன். சமம். அடுத்த ஞாயிறு பழைய முறைப்படி ஆள் எடுப்பது என்று சேவியர் எழுதினார். எங்கள் பெண்கள் கைதட்டினார்கள். முன்வரிசை தப்பித்தது என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது.

சேவியர் புத்தகத்தை என் பக்கம் திருப்பினார். எழுத்துக் கூட்டி வாசித்தேன். வசந்திக்கும் இசக்கிதுரைக்கும் ஒரு பந்தமும் இல்லை. பக்கத்தின் மேலே, வந்தவர்கள் கையெழுத்தில் முதலாவதாக அவனுடையது இருந்தது: சு. இசக்கிதுரை. தமிழில் போட்டிருந்தான்.

நான் பேனாவை வாங்கினேன். கை பழக்கத்தில் ‘சு’ என்று எழுதிப் புள்ளியும் வைத்துவிட்டது. அப்பா பெயர் சுடலையாண்டி. கல்யாணத்துக்குப் பிறகும் அந்த எழுத்தை நான் விடவில்லை. ரேஷன் கார்டில், பேங்கில், எல்லாவற்றிலும் அதுதான். நாணுவும் மாற்றச் சொன்னதில்லை.

துரை குனிந்து பார்த்தான். “போடு. அப்பா பேரப் போடு. எல்லாரும் பாக்கட்டும்” என்றான்.

நான் அந்த எழுத்தைக் குறுக்கே அடித்தேன். பக்கத்தில் வசந்தி என்று மட்டும் எழுதிப் பேனாவை மூடினேன். துரை படியிறங்கிப் போனான்.

சேவியர் புத்தகத்தை எடுக்கவில்லை. அடித்த இடத்தில் விரலை வைத்தார்.

“வெட்டின இடத்தில ஒரு ஒப்புகூடி வேணும் சேச்சி, இன்னொரு கையெழுத்து. நிங்கள்தான் வெட்டினதுன்னு தெரியணுமல்லோ.”

பேனாவைத் திறந்தேன். அப்பாவின் எழுத்துக்குப் பக்கத்தில், அதை அடித்தது நான்தான் என்று இன்னொரு முறை கையெழுத்துப் போட்டேன்.