நடுவில் ஒரு படுதா

என் புருஷனைப் பார்க்க வருகிறவர்களையெல்லாம் வாசலோடு திருப்பி அனுப்புகிறேன் என்று கல்மண்டபம் ஏரியா முழுக்க எனக்குக் கெட்ட பெயர். இருக்கட்டும். நோயாளியை விசாரித்தால் நன்மை என்று ஆரஞ்சுப் பழத்தோடும் இருமலோடும் வந்துவிடுகிறார்கள். எனக்கு என் அமீருதீன் உயிரோடு வேண்டும்.

அவருக்கு ரத்தப் புற்றுநோய். கீமோ ஏற்றியதில் கிருமியை எதிர்க்கும் வெள்ளை அணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கிவிட்டன. இந்தச் சமயத்தில் காய்ச்சல் வந்தால் மாத்திரை போட்டுப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள், உடனே ஓடி வாருங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நான் தெர்மாமீட்டரும் கையுமாகத் திரிந்தேன்.

அப்போதுதான் ஷர்புதீன் மச்சான் வந்தார். இவருடைய அண்ணன், ஆட்டோ ஓட்டுகிறவர். இவர்கள் தங்கை கல்யாணத்தில் பிரியாணி பத்தாமல் போனது யாரால் என்று சண்டை பிடித்து, அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. இப்போது மாடிப்படி ஏறி வந்து நிற்கிறார், மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

“கோச்சிக்காதீங்க மச்சான். சளியோட உள்ள வுட மாட்டேன்,” என்றேன்.

வந்த வழியே இறங்கிப் போனார். உள்ளே இவர் அண்ணன் குரலுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு கிடந்திருக்கிறார். ஒரு தடவை முகத்தைக் காட்டிவிட்டுப் போகட்டுமே என்று கெஞ்சினார். நான் மசியவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மதியம் இவருக்கு உடம்பு தூக்கிப் போட்டது. காய்ச்சல் நூற்றொன்றைத் தாண்டியிருந்தது. இவரைத் தாங்கிக்கொண்டு கீழே இறங்கினால், வாசலில் மச்சானின் ஆட்டோ. மனிதர் போகவே இல்லை. மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொண்டு, மழைக்கு மாட்டும் படுதாவை முன் சீட்டுக்கும் பின் சீட்டுக்கும் நடுவே இழுத்துக் கட்டி வைத்திருந்தார்.

“என் மூச்சு அவன் மேல படக் கூடாதில்ல,” என்றார்.

துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் ரோட்டை அடைத்து நின்றன. மச்சான் ஒவ்வொரு டிரைவரையும் திட்டித் தீர்த்து வழி வாங்கினார். இவர் நடுங்கிக்கொண்டே கையை நீட்டிப் படுதாவில் வைத்துக்கொண்டார், அண்ணன் முதுகுக்கு நேரே.

ஆஸ்பத்திரியில் பரிசோதனைக்கு ரத்தம் எடுத்த கையோடு நரம்பில் ஆன்டிபயாட்டிக் ஏற்றினார்கள். எந்தக் கிருமி என்று தெரியும்வரை காத்திருந்தால் கிருமி முந்திக்கொள்ளும் என்றார் டாக்டர். அப்படியும் காய்ச்சல் விடவில்லை. பிரஷர் இறங்கியது. நான் அல்லாவிடம் சண்டையே போட்டேன். இரண்டு நாள் கழித்து இன்ன கிருமி என்று பரிசோதனையில் தெரிந்ததும் மருந்தை மாற்றினார்கள். மெல்லக் காய்ச்சல் தணிந்தது. அணுக்களும் ஏறத் தொடங்கின. இனி ஒருவர் வந்து பார்க்கலாம் என்றார்கள்.

கீழே ஓடினேன். மச்சான் அன்றும் வாசலில் ஆட்டோவிலேயே உட்கார்ந்திருந்தார். வாருங்கள், நானே கூப்பிடுகிறேன் என்றேன். எழுந்தவர் மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

“இன்னும் லேசா தும்மல் கீதும்மா. வேணாம். பிரியாணிய கம்மியா சொன்னது நான்தான்னு மட்டும் அவனாண்ட சொல்லிடு.”

ஊரையே திருப்பி அனுப்பியவள், அங்கேயே நின்று அழுதேன். பிறகு மேலே போய் இவரிடம் அப்படியே சொன்னேன்.

“அது எனக்கு அன்னிக்கே தெரியும்,” என்றார். “வூட்டுக்கு அந்த ஆட்டோலதான் போவணும் கௌசர். படுதா இல்லாம.”