அன்னத்தின் கழுத்து

கீழச்சித்திரை வீதியிலிருந்து வந்த மாமி, படத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, "பெருமாளே! என்ன லக்ஷணமா வரைஞ்சிருக்கே கொழந்தே!" என்று ஹஃப்ஸாவின் கன்னத்தைத் தடவினாள். அனுசுயாவுக்கு வயிறு எரிந்தது. இதே மாமி வீட்டு ஜன்னலுக்கு மரத்தில் பூப்பின்னல் ஜாலி அறுத்துக் கொடுத்தவள் அவள்தான். அன்றைக்கு மாமி மரத்தைத்தான் தடவிப் பார்த்தாள்.

பாலக்கரையில் பிராங்க்ளினின் பட்டறை. ஹஃப்ஸா தாளில் கொடியும் பூவும் வரைவாள். அதைப் பலகையில் ஒட்டி, துளை போட்டு, நூல் போன்ற பிளேடை நுழைத்து, வில் ரம்பத்தால் வேண்டாத மரத்தை அறுத்தெடுப்பாள் அனுசுயா. படத்தின் மூலையில் ஹஃப்ஸாவின் கையெழுத்து இருக்கும். அறுத்தவளுக்கு மூலைகூடக் கிடையாது.

மண்ணச்சநல்லூரில் அனுசுயாவின் குடும்பத்திலேயே காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் அவள். பி.எஸ்சி. கணிதம். நானும் வரைகிறேன் என்று கேட்டும் பார்த்துவிட்டாள். "உன் கை அறுக்குற கைம்மா" என்று பிராங்க்ளின் சிரித்துவிட்டார். ஹஃப்ஸாவின் அத்தா படங்களுக்கு ஃப்ரேம் போடும் கடைக்காரர். பிறந்த வீட்டில் பென்சிலும் தாளும் இறைந்து கிடந்தால் யாருக்குத்தான் வரைய வராது?

மாமியின் பூஜை அறைக் கதவுக்கு ஒரே மாதிரி நாலு பலகை வேண்டும். கனத்த தேக்கு, அடுக்கி வைத்து அறுக்க முடியாது. "ஜெராக்ஸ் எடுத்து ஒட்டும்மா. ஒரிஜினல் பத்திரம்" என்று சொல்லிவிட்டு பிராங்க்ளின் கதவுச் சட்டத்துக்கு மரம் பார்க்க மாமியோடு மரக்கடைக்குக் கிளம்பினார். ஹஃப்ஸாவும் வீட்டுக்குப் போய்விட்டாள்.

ஒரிஜினலை மரத்தில் ஒட்டுவது பட்டறையில் பெரிய குற்றம். அறுத்து முடித்தால் தாள் கந்தல்தான். அனுசுயா ஜெராக்ஸ் கடைப் பக்கமே போகவில்லை. முதல் பலகையில் பசையைத் தடவி ஒரிஜினலையே ஒட்டினாள். ஒழியட்டும்.

அறுக்க அறுக்கக் குற்றம் தேடினாள். ஒரு கோடும் தடுமாறவில்லை. அதில் இன்னும் எரிச்சல். படத்தின் நடுவிலிருந்த அன்னத்தின் கழுத்துக் கோடு மட்டும் ஓரிடத்தில் வெடுக்கென்று ஒடிந்து மடங்கியது. அங்கே பிளேடு திரும்பாது. இருக்கிறபடியே அறுத்துக் கெடுத்துவிடலாம். கை கேட்கவில்லை. கோட்டை விட்டு விலகி, வளைத்து இறக்கினாள்.

மறுநாள் காலை ஹஃப்ஸா பலகையைக் குனிந்து பார்த்தாள். ஒட்டியிருந்த தாள் துண்டுகளில் அவளுடைய பென்சில் கோடு பளபளத்தது.

"அல்லாவே! அனு, இது ஒரிஜினல்!"

"ஜெராக்ஸ் கடை மூடியிருந்துச்சு."

"நேத்து அந்தக் கடையைத் தாண்டித்தான் பஸ்ஸுக்குப் போனேன். தொறந்துதான் இருந்துச்சு."

அழுவாள் என்று அனுசுயா காத்திருந்தாள். ஹஃப்ஸா அழவில்லை. மீதி மூன்று பலகைக்கும் படம் வேண்டுமென்று, புதுத் தாள் ஒன்றைப் பலகைமேல் விரித்து, பென்சிலைப் படுக்கப்போட்டுத் தேய்த்தாள். மரத்தின் விளிம்புகள் தாளில் கறுப்பாக எழுந்து வந்தன. கழுத்தருகே கை நின்றது.

"இங்க ஒடிச்சுல்ல வரைஞ்சிருந்தேன்?"

"பிளேடு திரும்பாது. மாத்துனேன்."

"இப்பதான்டி அன்னம் மாதிரி இருக்கு. முன்னாடி வாத்துக்குச் சுளுக்குப் பிடிச்ச மாதிரி இருந்துச்சு."

அனுசுயாவுக்கும் சிரிப்பு முட்டியது. அதற்குள் ஹஃப்ஸா வழக்கம்போல புதுத் தாளின் மூலையில் கையெழுத்துப் போட்டாள். சிரிப்பு செத்துப்போனது.

"ஏய், இது என் ரம்பம் போட்ட கோடு. என் பேரையும் போடு."

"போடலாமே. ஒரிஜினல் எங்கன்னு பிராங்க்ளின் அண்ணன் கேப்பாரு. அதை நாசம் பண்ணதும் இந்தப் பேருதான்னு சொல்லுவேன். பேர் போடவா, வாயை மூடிக்கவா? ஒண்ணு சொல்லு."

வாசலில் பிராங்க்ளினின் ஸ்கூட்டர் வந்து நின்றது. வேலையே போனாலும் போகும். அனுசுயா பென்சிலைப் பிடுங்கினாள். ஹஃப்ஸாவின் பெயருக்குப் பக்கத்திலேயே, அதைவிடக் கொஞ்சம் பெரிதாக எழுதினாள்: அனுசுயா, பி.எஸ்சி.