கிழக்கு பார்த்த கார்

அன்று நான் கத்தினேன் என்கிறார்கள். சாதாரணக் குரலில் சொன்னதாகத்தான் எனக்கு நினைவு. பலகாரம் விற்கும் கைருன்னிசாவைக் கேட்டால், பாசாரில் மீன் வெட்டிக்கொண்டிருந்தவர்கள்கூட நிமிர்ந்து பார்த்தார்கள் என்பார். என் மனைவி வாசுகி சொல்லும்போதோ, ஒவ்வொரு தடவையும் அந்தச் சத்தம் இன்னும் கொஞ்சம் பெரிதாகிறது. நான் என் குரலை அதிகம் கேட்டவனில்லை. அதனால் யார் சொல்வது சரி என்று என்னால் தீர்மானிக்க முடியவில்லை. நினைவில் இருக்கிறபடி எழுதுகிறேன்.

வாசுகி கையுறைத் தொழிற்சாலையில் வருடக்கணக்காக நின்றுகொண்டே வேலை செய்தவள். அந்த வேலையை விட்டுவிட்டுப் பழைய கார் ஒன்று வாங்கினாள். மறுநாளிலிருந்து எங்கள் ஊர் சுங்கைப் பட்டாணியில் அதில் ஆட்களை ஏற்றிப் போய்ச் சம்பாதிப்பதாகத் திட்டம். எனக்கு ஓட்டத் தெரியாது. அவள் பழகிய நாட்களிலெல்லாம் இடப்பக்க இருக்கையில் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தேன். ஒரு சிக்னலில் அவள் கேட்ட கேள்விக்கு அடுத்த சிக்னலில்தான் என்னிடமிருந்து பதில் வரும் என்பது அவளுடைய நிரந்தரப் புகார்.

எங்கள் கோயிலில் புது வண்டிக்குப் பூசை என்றால் வண்டி கிழக்கு பார்த்து நிற்க வேண்டும். ஆனால் கோயிலை ஒட்டிய ஓரத்தில் வண்டிகள் மேற்கு நோக்கித்தான் போகும். அதனால் பூசைக்கு வருகிற கார்களெல்லாம் எதிர்வரும் வண்டிகளைப் பார்த்தபடியே நிற்கும். நாங்களும் அப்படித்தான் நிறுத்தினோம். முன்னால் ஒரு தேங்காய் லாரி, எங்கள் காரைப் பார்த்தபடி, திருப்பி வெளியே வர மட்டும் இடம் விட்டு நின்றிருந்தது.

பூசாரி பரஞ்சோதி கற்பூரம் காட்டி, சக்கரங்களுக்கு முன்னால் எலுமிச்சம்பழங்களை வைத்து முடிக்கவும், போக்குவரத்துப் போலீஸ்காரர் காளிதாசன் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கவும் சரியாக இருந்தது.

"யாரு காடி இது? எதிர்த்தாப்புல போட்டிருக்கீங்களே, அக்கா."

"பூச முடிஞ்சிருச்சு தம்பி. இதோ கெளம்பிட்டோம். சாமிக்குத் தெரியும்லா."

"சாமிக்குத் தெரியும். எதிர்ல வர்ற மோட்டாருக்குத் தெரியுமா?" என்றார் அவர். "ஸ்டேரிங் எந்தப் பக்கம் இருக்கு பாருங்க. ஓரத்துப் பக்கம். முன்னால லோரி. நீங்க ரோட்டப் பாக்கறதுக்குள்ள பாதி காடி ரோட்டுல நிக்கும். கோஸ்தான் எடுங்க. பின்னுக்குப் போயி, லோரிய விட்டுத் தள்ளி வெளிய வாங்க."

பரஞ்சோதி குங்குமத் தட்டோடு குறுக்கே வந்தார். "கோஸ்தானா! மொத ஓட்டமே பின்னால போனா அப்புறம் எல்லாமே பின்னாலதான் போவும்."

வாசுகியின் முகம் சுருங்கியது. முதல் நாளே கார் பின்னால் போனால் தொழில் விளங்காது என்று அவள் உறுதியாக நம்பினாள். எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. ஆனால் நாளைக் காலையில் இந்தக் காரில் ஏறி உட்கார வேண்டியவள் அவள்.

"முன்னாலயே போறேன் தம்பி. இவரு பாத்துச் சொல்லுவாரு."

காளிதாசன் என்னைப் பார்த்தார். "அண்ணனா? அவரு வாயத் தொறக்கறதுக்குள்ள காடி பாலிங் டவுனுக்கே போயிச் சேர்ந்திரும்லா."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்திருப்பேன்.

"இருங்க, லோரிக்காரன் எங்க சாப்பிடறான்னு பாத்துட்டு வரேன். அசையாதீங்க" என்று அவர் கடைகள் பக்கம் நடந்தார்.

அவர் தலை மறைந்ததும் பரஞ்சோதி குனிந்து ஜன்னலுக்குள் பார்த்தார். "நல்ல நேரம் முடியப் போவுது. மெதுவா உடும்மா."

வாசுகி என் மடியிலிருந்த புத்தகத்தை எடுத்துப் பின்னிருக்கையில் எறிந்தாள். "பாத்துச் சொல்லுங்க. யோசிச்சுச் சொல்லாதீங்க."

கார் நகர்ந்தது. பழங்கள் நசுங்கும் மணம் வந்தது. லாரியின் பக்கவாட்டைத் தாண்டி எனக்குச் சாலை தெரிய ஆரம்பித்தது. அவளுக்கு லாரி மட்டும்தான் தெரிந்திருக்கும். ஒரு மோட்டார் சைக்கிள், பின்னால் அடுக்கிக் கட்டிய பிளாஸ்டிக் டப்பாக்களோடு, லாரியை உரசினாற்போல் வந்துகொண்டிருந்தது.

"நில்லு!"

சொன்னது அவ்வளவுதான். கார் குலுங்கி நின்றது. மோட்டார் சைக்கிள் வளைந்து, டப்பாக்கள் ஒரு பக்கம் சாய, நடுரோட்டில் போய் நின்றது. தலைக்கவசத்தைக் கழற்றினால் கைருன்னிசா. வருடக்கணக்காக அவரிடம் விரலால் சுட்டிக்காட்டித்தான் பலகாரம் வாங்கியிருக்கிறேன்.

"யா அல்லா! இவருக்குப் பேச வருமா?" என்றார் முதலில். அதற்குப் பிறகுதான் கோபம் வந்தது. "ஏன்லா எதிர் ரோட்டுல மூக்க நீட்டிக்கிட்டு வர்றீங்க? கறிபாப் பலகாரமெல்லாம் ஒடஞ்சிருக்கும்!"

காளிதாசன் ஓடிவந்தார். லாரிக்காரர் கிடைக்கவில்லை. "சொன்னேன்ல அக்கா? இப்பயாச்சும் கோஸ்தான் எடுங்க."

வாசுகி ஸ்டியரிங்கை விடாமல் வெளியே எட்டிப் பார்த்தாள். சக்கரங்களுக்கு அடியில் பழங்கள் பாதி நசுங்கிக் கிடந்தன. "மாட்டேன்" என்றாள், அழுகிற குரலில்.

நான் இறங்கினேன். லாரியின் பின்பக்கம் வரை நடந்து, சாலையோரத்தில் நின்றேன். அங்கிருந்து இரண்டு பக்கமும் நன்றாகத் தெரிந்தது. காளிதாசன் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு நடுரோட்டுக்குப் போய் இரண்டு கைகளையும் நீட்டி வண்டிகளை நிறுத்தினார்.

"அண்ணே, நீங்களே சொல்லுங்க. அக்கா ஒங்க கொரலுக்குத்தான் நிக்கிறாங்க."

"வா" என்றேன். "இன்னும் வா. போ."

பழங்கள் முழுதாக நசுங்கின. கார் சாலையைக் கடந்து எதிர்ப்பக்க ஓரத்தில், மற்ற வண்டிகள் போகிற திசையிலேயே போய் நின்றது. வாசுகி இறங்கி, பானெட்டைத் தடவிக்கொடுத்தாள். காளிதாசன் கைகளை இறக்கினார். டப்பாக்களை நிமிர்த்திக் கட்டிக்கொண்டிருந்த கைருன்னிசா அந்தப் பக்கம் பார்த்தார்.

"அங்க நின்னாலும் கெழக்கத்தானே பாக்குது?"

பரஞ்சோதி சூரியனைப் பார்த்தார், காரைப் பார்த்தார், மறுபடியும் சூரியனைப் பார்த்தார்.

"பாக்குது" என்றார். "ஆனா இனிமே ஒவ்வொரு பூசைக்கும் கற்பூரத்தத் தூக்கிக்கிட்டு ரோட்டத் தாண்டணுமே."

"நான் வண்டிகள நிறுத்தித் தரேன் சாமி" என்றார் காளிதாசன். அதன் பிறகு எங்கள் காருக்கு அபராதச் சம்மன் எழுதினார். எழுதி முடித்துக் கையை நீட்டிப் பிரசாதமும் வாங்கிக்கொண்டார்.

வாசுகி இப்போதும் அந்தக் காரைத்தான் ஓட்டுகிறாள். தொழில் நன்றாக நடக்கிறது. பாடாங் மேஹாவிலிருந்துகூட அவளைத் தேடி அழைக்கிறார்கள். பரஞ்சோதி பூசைக்கு வரும் வண்டிகளை எதிர்ப்பக்கத்தில் நிறுத்தச் சொல்லிவிட்டு, காற்றுக்கு அணையாமல் கற்பூரத்தைத் தகர டப்பாவுக்குள் வைத்து எடுத்துப் போகிறார். காளிதாசன் கூலிமுக்கு மாற்றலாகிப் போகும்வரை அவருக்காகச் சாலையை மறித்துக் கொடுத்தார். கைருன்னிசா இப்போது நான் வாயால் கேட்டால்தான் பலகாரம் தருகிறார். நான் கேட்டு வாங்குகிறேன். லாரிக்காரர் யாரென்று கடைசிவரை தெரியவில்லை.