டீச்சரம்மா மரம்

அந்தத் தச்சுப் பட்டறையில் இரண்டே பேர். வேலை செய்பவள் தங்கை, வேலையைப் பற்றிப் பேசுபவன் அண்ணன். இரண்டில் எது கஷ்டம் என்று கேட்டால் அண்ணன் கொஞ்சமும் யோசிக்காமல் பேச்சுதான் என்பான்.

தங்கைக்கு அறுவை மில்லில் வைத்த பெயர் உப்புத்தாள். மரத்தைத் தேய்க்கிற அந்தத் தாளைப் போலவே அவள் பேச்சும் பட்ட இடத்தில் தோலை உரிக்கும் என்பது மில்காரர்களின் அனுபவம். ஒருநாள் மில்காரர் ஒரு கட்டையைத் தட்டிக் காட்டி, "அசல் வேங்கை" என்றார். அவள் முனையில் ஒரு சீவல் எடுத்து மோந்து பார்த்தாள். வெளிச்சத்தில் பிடித்து ரேகையைப் பார்த்தாள். "இது வேங்கைன்னா நான் சிங்கம்ணா" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அன்றிலிருந்து அவள் வந்தால் மில்காரருக்கு அவசரமாக எங்காவது போன் வரும்.

அண்ணனைப் பொறுத்தவரை மரத்தில் இரண்டு சாதிதான். விற்றது, விற்காதது. அந்தக் கணக்குப்படி பட்டறையின் பின்பக்கம் அடுக்கியிருந்த பூவரசுப் பலகைகள் மிகவும் மட்டமான மரம்.

அந்தப் பூவரசு கழிவுநீர் பம்பு நிலையத்தின் மதிலோரம் நின்றது. குழாய் பதிக்க வெட்டினார்கள். வெட்டிய பிறகு கேட்க நாதியில்லை. சாக்கடையோரத்து மரத்தை எவன் வீட்டுக்குள் கொண்டுபோவான்? உப்புத்தாள் போனாள். மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு அடிமரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தாள். ஓரத்தில் வெளிறிய இளமரம் ஒரு விரலளவுதான், உள்ளே முழுக்க முற்றிய வைரம், காப்பிக்கொட்டை நிறத்தில். வண்டி பிடித்து மில்லுக்குக் கொண்டுபோய், பலகையாக அறுத்து, வெடிக்காமலிருக்க முனைகளில் பெயின்ட் பூசி, பலகைக்கும் பலகைக்கும் நடுவே குச்சி வைத்து நிழலில் அடுக்கினாள். இரண்டு மழைக்காலம் அது அங்கேயே கிடந்தது. அண்ணன் அதில் தினமும் இடித்துக்கொண்டு, தினமும் திட்டினான்.

அப்போதுதான் மேடம் வந்தார்.

மேடம் காப்பிக்கடை வைத்திருந்தார். ஆனால் அதைக் கடை என்று சொல்லக் கூடாது. 'காப்பி அனுபவக் கூடம்' என்று சொல்ல வேண்டும். அனுபவம் என்பது பெரும்பாலும் பில் வரும்போது ஏற்படும். கூடத்தின் நடுவே பத்துப் பேர் சுற்றி உட்காரும்படி ஒரு நீள மேசை அவருக்கு வேண்டும்.

"வெளிநாட்டு மரம் ஆகவே ஆகாது" என்றார். "இந்த மண்ணுல முளைச்ச மரமா இருக்கணும். இந்தக் காத்தைச் சுவாசிச்சிருக்கணும்."

அந்த மரம் சுவாசித்த காற்றை நினைத்து உப்புத்தாள் இருமினாள்.

மேடம் பலகையின் மேல் கையை வைத்துக் கண்ணை மூடினார். "இந்த மரத்தோட கதை என்ன?"

"பம்பு ஹவு..." என்று அவள் ஆரம்பிப்பதற்குள் அண்ணன் அவள் காலை மிதித்துவிட்டான்.

"பெரிய கதை மேடம்" என்றான். குரல் தானாகவே தழுதழுத்தது. அது ஒரு திறமைதான். "ஒரு டீச்சரம்மா இருந்தாங்க. பள்ளிக்கூடத்துக்குப் போக வழியில்லாத பிள்ளைங்களையெல்லாம் கூட்டிவெச்சு, இந்த மரத்தடியிலதான் எழுத்து சொல்லிக் கொடுத்தாங்க. வெயிலோ மழையோ, ஒருநாள் தப்பினது கிடையாது."

மேடத்தின் கண்ணில் தண்ணீர் நின்றது. "அவங்களை நான் பாக்கணுமே."

அண்ணன் ஒரு நொடி தடுமாறினான். பிறகு டீச்சரம்மாவைக் கொன்றுவிட்டான். "தவறிட்டாங்க மேடம்."

"குடும்பம்?"

"தங்கச்சி ஒருத்தங்க இருக்காங்க" என்றான். ஒரு பொய்யைத் தனியாக விட அவனுக்கு மனசு வரவில்லை.

அந்தத் தங்கச்சியாக அவன் பிடித்துக் கொண்டுவந்தது தன் மாமியாரை. உப்புத்தாளுக்கு அவர் அத்தை. கல்யாணமான நாளிலிருந்து மாப்பிள்ளையைக் கண்டால் அவருக்கு ஆகாது. "உன் புருஷன் வாயத் தொறந்தா வர்றது மூச்சுக்காத்து மட்டும்தான் நெசம்" என்று மகளிடமே சொல்வார். ஆனால் தொலைபேசி நிலையத்தில் ஆயுசு முழுக்க அடுத்தவர் பேச்சை இணைத்துக்கொண்டே இருந்தவர், தன் பேச்சைக் கேட்க ஒருவரும் இல்லாமல் ஓய்வு பெற்றவர். விஷயத்தைக் கேட்டதும் அவர் கேட்ட ஒரே கேள்வி, "எத்தன பேர் வருவாங்க?"

உப்புத்தாள் மேசை செய்தாள். பலகைகளை இழைத்து, விளிம்போடு விளிம்பு ஒட்டி, காய்ந்ததும் மறுபடி இழைத்தாள். முரட்டு உப்புத்தாளில் தொடங்கி, வரவர மிருதுவான தாளுக்கு வந்து, கடைசியில் கன்னத்தை வைத்துப் பார்த்தாள். ஆளிவிதை எண்ணெயை மெல்லிசாகப் பூசி, ஊறவிட்டு, மிச்சத்தைத் துடைத்து, காயவிட்டு, மறுபடி பூசினாள். ஒவ்வொரு பூச்சுக்கும் வைரத்தின் நிறம் ஒரு படி ஆழம் இறங்கியது. கடைசியில் தேன்மெழுகு. சாக்கடையோரம் நின்ற மரம் ஜன்னல் வெளிச்சத்தில் அப்படியே உள்ளிருந்து எரிவது போல இருந்தது. அவள் யாரையாவது கூப்பிட்டுக் காட்டலாம் என்று திரும்பினாள். அண்ணன் போனில் டீச்சரம்மாவின் இளமைக் காலத்தைச் சொல்லிக்கொண்டிருந்தான்.

மேசை கூடத்துக்குப் போன அன்று ஊர்ப்பட்ட கூட்டம். அத்தை வெள்ளைச் சேலையில் வந்திருந்தார். தொலைபேசிக் குரலில், ஒவ்வொரு சொல்லுக்கும் இடைவெளி விட்டுப் பேசினார். "அக்கா சாக்பீஸ் வாங்கக் காசில்லாம, இந்த மரத்து இலையிலதான் அ, ஆ எழுதுவா..." பூவரச இலையில் எதைக் கொண்டு எழுதினாள் என்று ஒருவரும் கேட்கவில்லை. மூக்கை உறிஞ்சினார்கள். போட்டோ எடுத்தார்கள். மேசையின் மேல் கையை வைத்தவர்கள் டீச்சரம்மாவைத் தொட்டார்கள். மேசையைத் தொட்டவர் யாருமில்லை.

சுவரோரம் நின்ற உப்புத்தாளிடம் ஒருவர் வந்து, "கை கழுவுற இடம் எங்கம்மா?" என்று கேட்டார். அன்றைக்கு அவளிடம் கேட்கப்பட்ட ஒரே கேள்வி அதுதான்.

அதன் பிறகு அத்தைக்குச் சனிக்கிழமைதோறும் கூடத்தில் நிகழ்ச்சி. கதை வாராவாரம் சதை போட்டது. டீச்சரம்மா ஒரு வாரம் வெள்ளத்தில் நீந்திவந்து பாடம் நடத்தினார். மறு வாரம் அவருக்கு ஒரு நிறைவேறாத காதல். கூட்டம் தாங்காமல் மேடம் பக்கத்து அறையையும் எடுத்தார். "அதே மரத்துல இன்னும் ஆறு மேசை" என்றார்.

"தாராளமா" என்றான் அண்ணன்.

பட்டறையில் மிச்சமிருந்த பூவரசில் ஒரு முக்காலி செய்யலாம். அதுவும் இரண்டு காலோடு நிற்க ஒத்துக்கொண்டால்.

"மரம் குட்டி போடாதுண்ணா" என்றாள் தங்கை. "மில்லுல காஞ்ச வாகை இருக்கு. நல்ல மரம். வாகைன்னு சொல்லியே குடுப்போம்."

"வாகையில எந்த டீச்சர் பாடம் நடத்துனா?"

"அறுக்கறப்ப தும்மல் வரும். ஜலதோஷம் புடிச்ச டீச்சர்னு அத்தையைச் சொல்லச் சொல்லு."

அண்ணனுக்குச் சிரிப்பு வரவில்லை. சரக்குப் பெட்டி செய்கிற மாம்பலகையை மலிவாக வாங்கி, இரண்டு கூலியாட்களைப் பிடித்து, ஆறு மேசையை அடித்து நிறுத்தினான். வெளுத்த மரத்தைப் பூவரசாக்க, சிவப்பும் பழுப்புமாகச் சாயப்பொடியைத் தண்ணீரில் கரைத்துப் பூசினான். சாயம் காயுமுன் அதன் மேலேயே எண்ணெய். பார்வைக்கு, கண் இல்லாதவர்களுக்கு, பூவரசு மாதிரியேதான் இருந்தது.

உப்புத்தாள் கையைக் கட்டிக்கொண்டு வாசலில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்தாள். ஈரத்தின் மேல் எண்ணெய் பூசினால் சாயம் நிற்காது என்று அவளுக்குத் தெரியும். சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நல்லா அனுபவிக்கட்டும் என்று உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி ஓடியது. அது அனுபவக் கூடம்தானே.

புது அறை திறந்த சனிக்கிழமை நல்ல வெக்கை. எல்லாரும் ஐஸ் போட்ட காப்பி கேட்டார்கள். கண்ணாடித் தம்ளர்கள் வியர்த்து, மேசையில் வட்டம் வட்டமாகத் தண்ணீர் நின்றது. முழங்கை ஊன்றிக் கதை கேட்டவர்கள் கையை எடுத்தபோது, சட்டையெல்லாம் சிவப்பு. ஒரு பெண் கன்னத்தில் கைவைத்துக் கேட்டிருந்தாள். பாதி முகம் சிவந்து, யாரோ அறைந்துவிட்டது போல இருந்தாள். சலசலப்பு எழுந்தது. அண்ணன் பின்வாசலைப் பார்த்தான்.

அத்தை பார்த்தார். கண் இமைக்கவில்லை.

"எங்கக்கா திருத்துன சிவப்பு மை..." என்றார் மெதுவாக. "இத்தன வருஷம் மரம் உள்ளுக்குள்ளயே வெச்சிருந்திருக்கு."

ஒருவர் விம்மினார். இன்னொருவர் தன் வெள்ளைச் சட்டையை இனித் துவைப்பதே இல்லை என்று அங்கேயே அறிவித்தார். மகிமை அரை மணி நேரம் நீடித்தது. அதற்குள் மேடத்தின் பட்டுக் குர்தாவிலும் டீச்சரம்மா திருத்தினார். அவ்வளவுதான், மேடத்துக்கு மை எது, சாயம் எது என்று தெரிந்துவிட்டது.

அண்ணனின் போன் அணைந்திருந்ததால் அழைப்பு உப்புத்தாளுக்கு வந்தது.

மறுநாள் காலையில் அவள் சுரண்டும் தகடும் உப்புத்தாளும் எண்ணெய் டப்பாவுமாகப் போனாள். கூடவே அண்ணனையும் சட்டையைப் பிடிக்காத குறையாக இழுத்துப்போனாள். மேடம் ஒரு திரையைக் கட்டி வைத்திருந்தார். "கஸ்டமர் கண்ணுல படாம பண்ணிடுங்க."

"வெளிச்சம் வேணும். திரையை எடுங்க."

அவள் சாயத்தைச் சுரண்டச் சுரண்ட, காப்பிக்கு வந்தவர்கள் ஒவ்வொருவராகத் தம்ளரோடு வந்து நின்றார்கள். சிவப்பு போய், அடியில் வைக்கோல் நிறத்தில் மரம் வெளியே வந்தது. அண்ணன் தலையை நிமிர்த்தாமல் தூளைக் கூட்டினான்.

"டீச்சரம்மா மரமா இது?" என்றார் ஒருவர் பயபக்தியோடு.

"இது மாமரம். பழப்பெட்டி செய்யறது" என்றாள் அவள்.

"அப்ப அந்தப் பெரிய மேசை?"

"அது பூவரசு. சாக்கடைத் தண்ணிய பம்பு பண்ற எடத்துல நின்னுச்சு. அங்க எவளும் பாடம் நடத்தல. நடத்தியிருந்தா மயக்கம் போட்டிருப்பா."

பெரிய மேசையில் உட்கார்ந்திருந்த இருவர் தம்ளரைக் கையில் தூக்கிக்கொண்டார்கள். மேடத்தின் முகம் பார்க்கப் பாவமாக இருந்தது. ஆனால் அவர் வியாபாரி. மூச்சை இழுத்து விட்டார். "எவ்வளவு நேர்மை!" என்றார் எல்லாருக்கும் கேட்கும்படி. பிறகு குனிந்து, தாழ்ந்த குரலில், "சனிக்கிழமை வந்து இதையே பேசுவீங்களா?"

"மாட்டேன்" என்றாள் உப்புத்தாள்.

அத்தை மூலையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். கூட்டம் கலைந்த பின் எழுந்து வந்து, பெரிய மேசையின் முன்னால் நின்றார். ஊருக்கெல்லாம் அந்த மரத்தைப் பற்றிச் சொன்னவர் அன்றுதான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதைப் பார்த்தார்.

"ஏம்மா, நெசமாவே இது நல்ல மரமா?"

உப்புத்தாள் கையிலிருந்த எண்ணெயைத் துடைத்துக்கொண்டாள். அத்தையின் கையைப் பிடித்துப் பலகையின் மேல் வைத்தாள். "இந்த ஓரத்துல வெளிறிக் கெடக்குதே, அது எளசு. இந்தக் கறுப்புதான் வைரம். இங்க வளைஞ்சு போகுது பாருங்க ரேகை, இதுக்கு மேல ஒரு பெரிய கிளை இருந்திருக்கு. அறுத்தப்ப, நீங்க நம்ப மாட்டீங்க, ரோஜா வாசம் வந்துச்சு. சாக்கடையோரம் நின்ன மரம்."

அத்தையின் விரல் அந்த வளைவின் மேலேயே நகர்ந்தது. "இதையெல்லாம் மொதல்லயே சொல்றதுக்கென்ன?"

"யாரும் கேக்கலையே அத்தை."

"ஓஹோ. கேட்டாத்தான் சொல்வியா? மகாராணி. சாயம் ஒட்டாதுன்னு தெரிஞ்சும் வாசல்ல கையக் கட்டிக்கிட்டு ஒக்காந்திருந்தியாமே, உங்கண்ணன் சொன்னாரு. என் சேலையும்தான் போச்சு."

அவளுக்குச் சுருக்கென்றது. அது அவளுக்கே புதுசு. குனிந்து, அடுத்த மேசையின் மேல் எண்ணெயை ஊற்றினாள்.

அத்தை கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். பிறகு நாற்காலியில் கிடந்த பழந்துணியை எடுத்து மாப்பிள்ளையின் தோளில் போட்டார். "தொடைங்க. ரேகை போற பக்கமாத் தொடைக்கணுமாம். பேசாம."

அண்ணன் பேசாமல் துடைத்தான்.