வயர் போடாத வீடு

மாசிக் கடைசியில் இறந்துபோன ஞானசௌந்தரிதான் பேக்கப்பைத் தூக்கிக்கொண்டு போனாள். படுக்கையறையில் அவளுடைய பழைய கம்ப்யூட்டர் இருந்தது. முன்னறையில், அதிலுள்ளதையெல்லாம் பத்திரமாகச் சேர்த்து வைக்க அவள் புருஷன் வேதநாயகம் வாங்கிவந்த புதுப் பெட்டி. நடுவே பத்தடி நீளத்தில் ஒரு நடை. அவள் ஒரு நேரத்துக்கு ஒரு படம், ஒரு பாட்டு என்று முந்தானையில் மூடி எடுத்துப் போனாள். ஆகவே பேக்கப் மெதுவாக நடந்தது.

வேதநாயகத்துக்கு இதில் குறை ஒன்றும் இல்லை. செத்துப்போனவள் இனி வரமாட்டாள் என்றுதான் எல்லோரும் ஆறுதல் சொல்லியிருந்தார்கள். இவளோ நாள் முழுக்கப் போய் வந்துகொண்டிருந்தாள். பேசத்தான் அவளுக்கு நேரமில்லை.

ஒவ்வொரு படம் போய்ச் சேரும்போதும் நடை சற்று நீண்டது. வாடகைக்கு விட்ட வீட்டுக்காரர் வந்து எட்டிப் பார்த்தார். பாளையங்கோட்டையில் இவ்வளவு நீளமாகத் தான் எதையும் கட்டவில்லையே என்று சொல்லிவிட்டுப் போனார். சில நாளில் நடையின் நடுவில் வெயில் அடிக்க ஆரம்பித்தது. வேதநாயகம் அவளுக்குக் குடை கொடுத்தார். பாதி வழியில் நாற்காலி போட்டு வைத்தார். அவள் உட்காரவில்லை. வேலை முடியாமல் உட்காருகிற பழக்கம் அவளுக்கு என்றைக்குமே கிடையாது.

கம்ப்யூட்டர் கடகடவென்று சத்தம் போட்ட பிறகுதான் அவர் மெக்கானிக் ஃபாரூக்கைக் கூப்பிட்டார். ஃபாரூக் காதை வைத்துக் கேட்டார். டிஸ்க் சாகப்போகிறது, சாயங்காலம் வரை தாங்கினால் பெரிது, அதற்குள் போய்ச் சேராதது போனதுதான் என்றார். கோயில் பாட்டுக்குழுவில் ஞானசௌந்தரி பாடியதெல்லாம் இன்னும் அதற்குள்ளேதான் கிடந்தது. அவள் குரல் வேறு எங்கும் இல்லை.

வைஃபை பெட்டி எங்கே என்று ஃபாரூக் கேட்டார். வேதநாயகம் இடுப்பிலிருந்து சாவியை எடுத்து இரும்பு பீரோவைத் திறந்தார். பட்டுச் சேலைகளுக்கு நடுவே அது விளக்கைச் சிமிட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. விலையுள்ள சாமான் எதுவானாலும் பீரோவுக்குள் போய்ப் பூட்டப்பட வேண்டும் என்பது ஞானசௌந்தரியின் சட்டம். அவள் போன பிறகு அதை மீற அவருக்கு மனசு வரவில்லை.

"இரும்புக்குள்ள வச்சுப் பூட்டினா சிக்னல் எப்படி சார் வெளிய வரும்?"

"அவ வருதாளே," என்றார் வேதநாயகம்.

ஃபாரூக் அதை வெளியே எடுத்து வைத்தார். ஞானசௌந்தரி கொஞ்சம் வேகமாக நடந்தாள். கூடவே அவளுக்கு மூச்சு வாங்கியது. ஃபாரூக் தலையை ஆட்டிவிட்டுப் பையிலிருந்து ஒரு வயரை எடுத்தார். இதைச் சொருகினால் டீ குடிக்கிற நேரத்தில் எல்லாம் போய்ச் சேர்ந்துவிடும், அம்மா நடக்கவே வேண்டாம் என்றார். ஒரு முனையை வேதநாயகத்தின் கையில் கொடுத்துவிட்டு, மறுமுனையைப் புதுப் பெட்டிக்கு இழுத்துக்கொண்டு நடையில் இறங்கிப் போனார். வெகுநேரம் போனார்.

வேதநாயகம் கம்ப்யூட்டர் பக்கத்தில் முனையைப் பிடித்துக்கொண்டு நின்றார். சொருகினால் அவள் குரல் மிஞ்சும். சொருகாவிட்டால் சாயங்காலம் வரை அவள் நடப்பாள். பாவம், அந்த மனுஷனுக்கு இரண்டும் வேண்டியிருந்தது.

அடுத்த பாட்டை எடுக்க வந்த ஞானசௌந்தரி அவர் கையைப் பார்த்தாள்.

"வயருதான் வந்துட்டுல்லா. ஏன் போடாம நிக்கிய?"

"போட்டா நீ நடக்க வேண்டாம்லா."

"அதுக்குத்தான வயரு."

அவள் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்குக் காலு வலிக்கி," என்றாள்.

கூட வாழ்ந்த காலத்தில் அவள் இப்படி ஒரு வார்த்தை சொன்னதே இல்லை. அவர் குனிந்து சொருகினார்.

முன்னறையிலிருந்து ஃபாரூக் பேசினார். இப்போது பக்கத்தில் நின்று பேசுவதுபோல் கேட்டது.

"வேகம் எப்படி சார் இருக்கு?"

வேதநாயகம் நிமிர்ந்தார். கட்டிலருகே யாரும் இல்லை.

"நல்ல வேகம்," என்று சொல்லிவிட்டு, அவள் பிடித்திருந்த சட்டத்தைப் பிடித்துக்கொண்டு அழுதார்.